கீமோவும் இலக்கு மருந்தும்: தோற்றுப் பின் வென்ற கூட்டணி

முட்டுச்சந்தில் நின்ற கீமோ

முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கான கீமோதெரபி, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு முட்டுச்சந்தில் வந்து நின்றது. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் ஆகிய பிளாட்டின மருந்துகளோடு பாக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல், ஜெம்சிடபின் எனப் புதிதாக வந்த மருந்துகளை மருத்துவர்கள் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்தச் சேர்க்கை சிறந்தது என்று அறிய, அமெரிக்காவில் 1,207 நோயாளிகளை நான்கு குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. நான்கு சேர்க்கைகளும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்திருந்தன. கட்டி கணிசமாகச் சுருங்கியது ஐந்தில் ஒருவருக்கு மட்டுமே. பாதிப் பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்துபோனார்கள். ஓராண்டைத் தாண்டியவர்கள் மூன்றில் ஒருவர்.

கீமோ மருந்துகள் வேலை செய்யும் முறையிலேயே இந்த எல்லை அடங்கியிருக்கிறது. வேகமாகப் பிரியும் எந்த உயிரணுவையும் அவை தாக்கும். புற்றணு, எலும்பு மஜ்ஜை, முடியின் வேர், குடலின் உட்சுவர் என்ற பாகுபாடு அவற்றுக்குத் தெரியாது. அளவைக் கூட்டினால் நோயாளியின் உடல் தாங்காது. குறைத்தால் புற்றணு பிழைத்துக்கொள்ளும்.

இதே காலத்தில் இன்னொரு மருந்து வகை பிறந்துகொண்டிருந்தது. மரபணுவில் நேர்ந்த ஒரு குறிப்பிட்ட மாற்றமே புற்றணுவை ஓயாமல் வளரச் செய்கிறது என்றால், அந்த மாற்றத்தால் உருவாகும் புரதத்தை மட்டும் முடக்கினால் போதுமே என்பது அதன் அடிப்படை. இலக்கு மருந்து என்ற பெயர் இதனால் வந்தது. இரண்டு வகைகளும் வெவ்வேறு வழியில் தாக்குவதால், சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இயல்பாகவே எழுந்தது. அந்த எண்ணம் மார்பகப் புற்றுநோயில் உடனே பலித்தது. நுரையீரல் புற்றுநோயில் நான்கு பெரிய ஆய்வுகளில் தோற்றது. பிறகு ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து அதே நுரையீரல் புற்றுநோயில் வென்றது. யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்ததால்தான் அந்த வெற்றி வந்தது.

ஹெர்-2 காட்டிய வழி

1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் எலியின் நரம்புக் கட்டிகளிலிருந்து ஒரு புற்று மரபணு இனங்காணப்பட்டது. அந்த ஆய்வில் முன்னின்றவர் இந்தியரான லட்சுமி சரண் பாதி. கட்டியின் பெயரையொட்டி அந்த மரபணுவுக்கு ‘நியூ’ என்று பெயர் வைத்தார்கள். மனிதரில் இதற்கு இணையான ஹெர்-2 மரபணுவை ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிக்கின் குழு 1985-ல் பிரித்தெடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த டென்னிஸ் ஸ்லாமன், உல்ரிக்கோடு சேர்ந்து மார்பகக் கட்டிகளில் இந்த மரபணுவைத் தேடினார். நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான கட்டிகளில் ஹெர்-2 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்ததையும், அப்படிப்பட்ட நோய் வேகமாக மீண்டும் தலைதூக்குவதையும் 1987-ல் அவர்கள் வெளியிட்டார்கள்.

ஹெர்-2 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியாக டிராஸ்டுசுமாப் உருவானது. அதைக் கீமோவோடு சேர்த்துச் சோதித்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் 469 பெண்கள். அனைவருக்கும் நோய் பரவியிருந்தது. அனைவரின் கட்டியிலும் ஹெர்-2 மிகுந்திருந்தது. கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் முன்னேற 4.6 மாதங்கள் ஆயின. டிராஸ்டுசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 7.4 மாதங்கள். ஆயுளும் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக நீண்டது. 1998 செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி அளித்தது. ஹெர்-2 இருக்கிறதா என்று கட்டியில் கண்டறியும் சோதனைக்கும் அப்போதே அனுமதி கிடைத்தது.

இந்தக் கூட்டணிக்கு ஒரு விலையும் இருந்தது. ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு டிராஸ்டுசுமாபைச் சேர்த்தபோது 27 சதவீதப் பெண்களுக்கு இதயம் பலவீனப்பட்டது. அந்தக் கீமோவை மட்டும் பெற்றவர்களில் இது 8 சதவீதம். தனித்தனியே தாங்கக்கூடிய இரண்டு மருந்துகள் சேரும்போது புதிய தீங்கு விளையலாம் என்பதை மருத்துவ உலகம் இதில் கற்றுக்கொண்டது. அதன்பிறகு டிராஸ்டுசுமாபை ஆந்த்ராசைக்ளினோடு ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்த்து, பாக்ளிடாக்ஸல் போன்ற டாக்ஸேன் வகையோடு சேர்ப்பதே வழக்கமாயிற்று. எந்த இலக்கு மருந்தை எந்தக் கீமோவோடு சேர்ப்பது என்பதும் ஒரு முக்கியக் கேள்வியாக நிலைபெற்றது.

நான்கு ஆய்வுகள், நான்கு தோல்விகள்

உயிரணுவின் மேற்பரப்பில் ஹெர்-2-க்கு நெருங்கிய உறவான இன்னொரு ஏற்பிப் புரதம் இருக்கிறது. அதன் பெயர் இ.ஜி.எஃப்.ஆர். வெளியிலிருந்து வரும் ஒரு வளர்ச்சிப் புரதம் அதில் வந்து ஒட்டும்போது, உயிரணுவின் உட்பகுதியில் உள்ள அதன் நொதி விழித்துக்கொண்டு, பிரிந்து பெருகும்படி உட்கருவுக்குச் செய்தி அனுப்பும். அந்த வளர்ச்சிப் புரதத்தைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன் 1986-ல் நோபல் பரிசு பெற்றார். பல நுரையீரல் கட்டிகளில் இந்த ஏற்பி மிகுதியாகக் காணப்பட்டதால், அதன் நொதியை அடைக்கும் மாத்திரைகள் உருவாயின. ஆஸ்ட்ராஜெனெகாவின் கெஃபிடினிப் 2002-ல் ஜப்பானில் முதன்முதலாக அனுமதி பெற்றது. எர்லோடினிப் பின்தொடர்ந்தது.

கீமோ பலிக்காமல் போன சிலருக்குக் கெஃபிடினிப் வியக்கத்தக்க வகையில் வேலை செய்தது. மூச்சுவிடத் திணறிப் படுக்கையில் கிடந்தவர்கள் சில வாரங்களில் எழுந்து நடமாடினார்கள். ஆனால் மேலைநாடுகளில் இப்படிப் பலன் பெற்றவர்கள் பத்தில் ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழி இருக்கவில்லை. சிகிச்சையின் தொடக்கத்திலேயே கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நான்கு பெரிய ஆய்வுகள் தொடங்கின. இன்டாக்ட்-1, இன்டாக்ட்-2 இரண்டிலும் கெஃபிடினிப். டிரிப்யூட், டேலன்ட் இரண்டிலும் எர்லோடினிப். நான்கிலும் சேர்ந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்குக் கீமோவோடு இலக்கு மாத்திரை, மற்றவர்களுக்குக் கீமோவோடு வெற்று மாத்திரை.

நான்கும் தோற்றன. மாத்திரையைச் சேர்த்ததால் ஆயுள் கூடவில்லை. நோய் அடங்கியிருந்த காலமும் நீளவில்லை. ஹெர்-2 ஆய்வில் கட்டியைச் சோதித்த பின்பே பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். இந்த நான்கிலும் எவருடைய கட்டியும் அப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. எதைத் தேட வேண்டும் என்பதே அப்போது தெரிந்திருக்கவில்லை.

2004: பூட்டும் சாவியும் தெரிந்த ஆண்டு

விடை 2004-ல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தாமஸ் லிஞ்ச், டேனியல் ஹேபர் ஆகியோரின் குழு ஒன்று. அதே நகரின் டானா-ஃபார்பர் நிறுவனத்தில் மேத்யூ மேயர்சன், வில்லியம் செல்லர்ஸ் ஆகியோரின் குழு மற்றொன்று. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் வில்லியம் பாவ், ஹெரால்ட் வார்மஸ் ஆகியோரின் குழு மூன்றாவது.

லிஞ்ச் குழு, கெஃபிடினிப் வியக்கத்தக்க பலன் தந்த ஒன்பது பேரின் கட்டிகளை எடுத்து இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தது. எட்டுப் பேரிடம் மரபணுப் பிறழ்வு இருந்தது. பலன் கிடைக்காத ஏழு பேரின் கட்டிகளில் ஒருவரிடமும் அது இல்லை. மேயர்சன் குழு ஜப்பானிய, அமெரிக்கக் கட்டிகளை ஒப்பிட்டது. ஜப்பானிய நோயாளிகள் 58 பேரில் 15 பேருக்குப் பிறழ்வு இருந்தது. அமெரிக்க நோயாளிகள் 61 பேரில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது.

பிறழ்வுகள் பெரும்பாலும் இரண்டே இடங்களில் குவிந்திருந்தன. மரபணுவின் எக்ஸான் எனப்படும் துண்டுகளில் 19-ஆவதில் சில எழுத்துகள் விடுபட்டுப் போயிருந்தன; அல்லது 21-ஆம் எக்ஸானில் ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 858-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் ஆர்ஜினின் அமர்ந்திருந்தது. இரண்டாவது வகையை மருத்துவர்கள் எல்858ஆர் என்பார்கள். இரண்டுமே நொதி ஆற்றல் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் பள்ளத்தை ஒட்டிய பகுதிகள். இப்படி மாறிய ஏற்பி, வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே பெருகும்படி கட்டளையிட்டுக்கொண்டிருக்கும். அதே மாற்றத்தால் கெஃபிடினிப் அந்தப் பள்ளத்தில் முன்னைவிட இறுக்கமாகப் பொருந்தியது. புற்றணுவை வளர்த்த குறையே மருந்து புகும் வழியாகவும் அமைந்தது.

இந்தப் பிறழ்வு அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்று வகையில், குறிப்பாகப் புகைப்பழக்கமே இல்லாதவர்களிடமும் பெண்களிடமும், மிகுதியாகக் காணப்படுகிறது. கிழக்காசியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடமும், மேலைநாடுகளில் பத்தில் ஒருவர் அல்லது சற்றுக் கூடுதலானவர்களிடமும் இது இருக்கிறது. இந்தியாவில் இது நான்கில் ஒருவர் என்ற அளவில் உள்ளது.

தோல்வியை மறுபடி படித்தபோது

பிறழ்வு தெரிந்த பிறகு பழைய தோல்விகளுக்கும் காரணம் புரிந்தது. டிரிப்யூட் ஆய்வில் ஒருபோதும் புகைக்காதவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். கீமோ மட்டும் பெற்ற அத்தகையவர்கள் 10.1 மாதங்கள் வாழ்ந்திருந்தார்கள். எர்லோடினிபும் சேர்த்துப் பெற்றவர்கள் 22.5 மாதங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கில் இந்தச் சிறு குழுவின் பலன் கரைந்து போயிருந்தது. கே-ராஸ் என்ற வேறொரு மரபணுவில் பிறழ்வு இருந்தவர்களுக்கோ எர்லோடினிபைச் சேர்த்தது தீங்காகவே முடிந்திருந்தது.

ஆய்வகத்தில் இன்னொரு காரணமும் தெரிந்தது. இ.ஜி.எஃப்.ஆர். மாத்திரை, பிறழ்வு இல்லாத புற்றணுவைக் கொல்வதில்லை. அது பிரிவதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்தி வைக்கிறது. கீமோவோ பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுவைத்தான் கொல்லும். மாத்திரை உறங்க வைத்த உயிரணு கீமோவிடமிருந்து தப்பிவிடுகிறது. பிறழ்வு உள்ள புற்றணு அப்படியில்லை. அதன் உயிரே அந்த ஒரு கட்டளையை நம்பியிருப்பதால், கட்டளை நின்றதும் அது மடிகிறது. ஆகவே ஒரே கூட்டணி ஒருவருக்கு உதவும்; இன்னொருவரில் அதன் மருந்துகள் ஒன்றையொன்று தடுக்கும்.

மாத்திரை மட்டும் போதும் என்ற பத்தாண்டு

அடுத்து எழுந்த கேள்வி கீமோவா, மாத்திரையா என்பது. ஹாங்காங்கைச் சேர்ந்த டோனி மோக் தலைமையில், கிழக்காசியாவில் 1,217 பேரிடம் நடந்த ஐபாஸ் ஆய்வு 2009-ல் விடை சொன்னது. பிறழ்வு உள்ளவர்களில் 71 சதவீதத்தினருக்குக் கெஃபிடினிப் கட்டியைச் சுருக்கியது. கீமோ பெற்றவர்களில் அது 47 சதவீதம். பிறழ்வு இல்லாதவர்களில் கெஃபிடினிபால் பலன் கண்டவர்கள் நூற்றில் ஒருவர். கீமோவால் பலன் கண்டவர்கள் நான்கில் ஒருவர். மரபணுவைச் சோதிக்காமல் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்பது இதன் பிறகு மருத்துவ நெறியாயிற்று.

தினம் ஒரு மாத்திரை; முடி கொட்டாது; மருத்துவமனையில் படுக்கத் தேவையில்லை. தோலில் பருக்கள், வயிற்றுப்போக்கு, நகக்கண் வீக்கம் போன்ற தொல்லைகள் வந்தாலும் பெரும்பாலோர் தாங்கிக்கொண்டார்கள். பிறழ்வு உள்ளவர்களுக்கு முதல் சிகிச்சை மாத்திரை என்றும், அது கைவிடும்போது கீமோ என்றும் ஒழுங்கு ஏற்பட்டது.

ஆனால் மாத்திரை ஓராண்டு வாக்கில் கைவிட்டுவிடும். 2005-லேயே அதன் காரணம் தெரிந்திருந்தது. பலரது கட்டியில் அதே மரபணுவில் இரண்டாவதாக ஒரு பிறழ்வு தோன்றி, 790-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் மெதியோனின் அமர்ந்து, மருந்து பொருந்துவதைக் கெடுத்தது. டி790எம் எனப்படும் இந்த இரண்டாம் பிறழ்வையும் தாண்டி வேலை செய்யும் ஓசிமெர்டினிப் 2015-ல் அனுமதி பெற்றது. அதையே முதல் சிகிச்சையாகக் கொடுத்த ஃபிளாரா ஆய்வில் நோய் அடங்கியிருந்த காலம் 10.2 மாதங்களிலிருந்து 18.9 மாதங்களாக உயர்ந்தது. மூளைக்குள்ளும் அது நன்றாகப் புகுந்தது. எனினும் ஓசிமெர்டினிபையும் புற்றணு கடைசியில் தாண்டியது. இம்முறை அது ஒரே வழியில் தாண்டவில்லை. மெட் என்ற மரபணுவின் பெருக்கம், சிறுசெல் புற்றாக உருமாறுதல் எனப் பல வழிகள் திறந்தன. ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி மருந்து தேடிக்கொண்டிருப்பதைவிட, எதிர்ப்பு தோன்றுவதற்கு முன்பே தாக்குதலை வலுப்படுத்தலாமா என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

வண்ணத்துப்பூச்சியின் சிறகிலிருந்து வந்த கீமோ

இதற்கிடையில் கீமோவும் மாறியிருந்தது. நுரையீரல் அடினோகார்சினோமாவுக்குப் பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்து வந்திருந்தது. இதன் வேர் ஃபோலிக் அமில ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் அவர் வழிநடத்திய குழு, ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியதோடு, அதன் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின் முதலிய எதிர்மருந்துகளையும் தயாரித்தது. அமினாப்டெரினைக் கொண்டுதான் சிட்னி ஃபார்பர் 1948-ல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் அடக்கிக் காட்டினார்.

பெமெட்ரெக்ஸெட் அதே வம்சத்தில் பிறந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வேதியியலாளர் எட்வர்ட் டெய்லர், மாணவராக இருந்தபோது வண்ணத்துப்பூச்சிச் சிறகின் நிறமிகளில் உள்ள டெரிடின் என்ற வளைய அமைப்பில் ஈடுபாடு கொண்டார். ஃபோலிக் அமிலத்திலும் அதே வளையம் இருந்ததே அவரைப் புற்றுநோய் மருந்தின் பக்கம் திருப்பியது. எலை லில்லி நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பெமெட்ரெக்ஸெட், டி.என்.ஏ.வைக் கட்டுவதற்குத் தேவையான மூன்று நொதிகளை ஒருசேரத் தடுக்கிறது. 2004-ல் அது முதல் அனுமதி பெற்றது. செதிள் உயிரணு வகை அல்லாத நுரையீரல் புற்றில் இது சிறப்பாகச் செயல்படுகிறது என்பது 2008-ல் உறுதியானது. பிறழ்வு மிகுதியாகக் காணப்படும் அடினோகார்சினோமா இந்த வகையைச் சேர்ந்தது. மேலும், முடி உதிர்வும் நரம்புப் பாதிப்பும் இதில் குறைவு. நான்கு சுற்றுகளுக்குப் பிறகும் நீண்டகாலம் தொடர்ந்து கொடுக்கலாம். மாத்திரையோடு இணைவதற்கு ஏற்ற கீமோ கிடைத்துவிட்டது.

எப்போது சேர்ப்பது?

கூட்டணி திரும்பி வந்த பாதையில் இரண்டு ஆய்வுகள் வழிகாட்டின. ஃபாஸ்டாக்ட்-2 ஆய்வில், கீமோவும் மாத்திரையும் மோதிக்கொள்ளாதபடி நாட்கள் பிரிக்கப்பட்டன. நான்கு வாரச் சுற்றின் முதல் பாதியில் கீமோ, 15-ஆம் நாளிலிருந்து 28-ஆம் நாள் வரை எர்லோடினிப். பிறழ்வு உள்ளவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம், கீமோ மட்டும் பெற்றவர்களின் 6.9 மாதங்களிலிருந்து 16.8 மாதங்களாக உயர்ந்ததாக 2013-ல் முடிவு வெளியானது. ஆனால் மாத்திரை மட்டும் கொடுத்த குழு இதில் இல்லாததால், கூட்டணியின் தனிப் பலன் எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை.

இம்ப்ரெஸ் ஆய்வு வேறு திசையில் பாடம் சொன்னது. கெஃபிடினிப் கைவிட்ட பிறகு கீமோ தொடங்கும்போது, மாத்திரையையும் நிறுத்தாமல் தொடர்ந்தால் நல்லதா என்று அது 265 பேரிடம் பார்த்தது. நோய் அடங்கியிருந்த காலம் இரு குழுவிலும் ஒன்றே. மாத்திரையைத் தொடர்ந்தவர்களின் ஆயுள் குறைவாகவே இருந்தது. எதிர்ப்பு வேரூன்றிய பிறகு பழைய மாத்திரையோடு சேர்வதில் பயனில்லை. சேர்வதென்றால் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும்.

ஜப்பானும் மும்பையும்

பிறழ்வு உறுதியானவர்களை மட்டும் சேர்த்து, முதல் நாளிலிருந்தே கூட்டணியைத் தொடங்கி, மாத்திரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2020-ல் வெளியாயின. ஒன்று ஜப்பானில் 345 பேரிடம் நடந்த என்.இ.ஜே.009. கெஃபிடினிபோடு கார்போபிளாட்டினும் பெமெட்ரெக்ஸெட்டும் பெற்றவர்களுக்கு நோய் 20.9 மாதங்கள் அடங்கியிருந்தது. மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 11.9 மாதங்கள். ஆயுளும் 38.8 மாதங்களிலிருந்து 50.9 மாதங்களாக நீண்டது.

மற்றொன்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் வனிதா நொரோன்ஹா, குமார் பிரபாஷ் ஆகியோர் நடத்திய ஆய்வு. 2016 முதல் 2018 வரை 350 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினம் 250 மில்லிகிராம் கெஃபிடினிப் மட்டும். இன்னொரு குழுவுக்கு அதனோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெமெட்ரெக்ஸெட்டும் கார்போபிளாட்டினும் சிரை வழியே ஏற்றப்பட்டன. நான்கு சுற்றுகளுக்குப் பிறகு பெமெட்ரெக்ஸெட்டும் மாத்திரையும் தொடர்ந்தன.

இந்த ஆய்வின் தனிச்சிறப்பு அதில் இடம்பெற்ற நோயாளிகளில் இருக்கிறது. உடல் தளர்ந்து, பகலில் சில மணி நேரமேனும் படுத்தே இருக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் 21 சதவீதம். மூளைக்கு நோய் பரவியவர்கள் 18 சதவீதம். பெரிய ஆய்வுகள் பலவும் ஒதுக்கிவைக்கும் இத்தகையோர்தான் இந்தியப் புற்றுநோய் மருத்துவமனைகளின் வாசலில் அன்றாடம் காத்திருப்பவர்கள். அவர்களையும் சேர்த்துப் பெற்ற முடிவு இது: நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதங்களிலிருந்து 16 மாதங்களாக இரட்டித்தது. மாத்திரைக் குழுவில் பாதிப் பேர் 17 மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். கூட்டுச் சிகிச்சைக் குழுவில் அந்தப் பாதிக் கணக்கு முடிவு வெளியானபோதும் எட்டப்படவில்லை. மரண அபாயம் பாதிக்கும் கீழே, 0.45 என்ற அளவுக்கு இறங்கியது. கடும் பக்கவிளைவுகள் 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் கூடின.

கெஃபிடினிப், பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் மூன்றுமே இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் தயாரிக்கும் மருந்துகள். விலையுயர்ந்த புதிய மருந்து ஏதுமின்றி, கையில் இருந்தவற்றைச் சரியான நேரத்தில் சேர்த்ததாலேயே இந்தப் பலன் கிடைத்தது. ஓசிமெர்டினிபை வாங்க முடியாத குடும்பங்களுக்கு இதன் பொருள் மிகப் பெரியது.

ஃபிளாரா-2

கெஃபிடினிபைவிட வலுவான ஓசிமெர்டினிபோடும் கீமோ தேவைப்படுமா என்பதை ஃபிளாரா-2 ஆய்வு சோதித்தது. பிரான்ஸின் டேவிட் பிளாஞ்சார் முதலானோர் நடத்திய இதில் பல நாடுகளைச் சேர்ந்த 557 பேர் பங்கேற்றார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, நோய் அடங்கியிருந்த காலம் 16.7 மாதங்களிலிருந்து 25.5 மாதங்களாக உயர்ந்தது. மூளைக்குப் பரவியிருந்தவர்களுக்குப் பலன் இன்னும் தெளிவு: 13.8 மாதங்களிலிருந்து 24.9 மாதங்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் இந்தக் கூட்டுக்கு அனுமதி கிடைத்தது. 2025-ல் ஆயுள் கணக்கும் வந்தது: மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 37.6 மாதங்கள், கூட்டாகப் பெற்றவர்களுக்கு 47.5 மாதங்கள். 2002-ல் எட்டு மாதங்களாக இருந்த நோயில், பிறழ்வு உள்ளவர்களுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் என்ற நிலை வந்திருக்கிறது.

கடும் பக்கவிளைவுகள் 27 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாக உயர்ந்தன. பெரும்பகுதி ரத்தம் சார்ந்தவை: வெள்ளணுக்கள் குறைதல், தட்டணுக்கள் குறைதல், ரத்தசோகை. பெமெட்ரெக்ஸெட் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தினமும் தொடங்க வேண்டும். ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் பி12 ஊசி போட வேண்டும். மருந்து ஏற்றும் நாளையொட்டி மூன்று நாட்கள் டெக்சாமெத்தசோன் மாத்திரை உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சிறுநீரகச் செயல்பாடும் பார்க்கப்படும். தினம் ஒரு மாத்திரையோடு வாழ்ந்தவரின் நாட்காட்டியில் மருத்துவமனை மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடம்பிடிக்கிறது.

கூட்டணி ஏன் வேலை செய்கிறது?

கண்டறியப்படும் நாளிலேயே ஒரு கட்டியில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இருக்கும். அவை எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாத்திரைக்கு அடங்காத சில உயிரணுக்கள் தொடக்கத்திலேயே அங்கே கலந்திருக்கும். ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும் வயலில் அதற்கு அடங்காத களை மட்டும் மிஞ்சிப் பெருகுவதைப் போல, மாத்திரை மற்றவற்றை அழிக்க அழிக்க இவை பெருகும். பிறழ்வு எதுவானாலும் பிரியும் உயிரணுவைக் கீமோ தாக்கும் என்பதால், இந்தச் சிறுபான்மை வளரும் முன்பே அடிபடுகிறது.

இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது. மாத்திரை கைவிட்ட பிறகு கீமோ கொடுக்கலாம் என்று காத்திருந்தால், கணிசமானோருக்கு அந்த வாய்ப்பே வருவதில்லை. நோய் மூளைக்கோ கல்லீரலுக்கோ பரவி உடல் தளர்ந்துவிடுகிறது. கீமோவைத் தாங்கும் வலு இருப்பதில்லை. தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால், பலனுள்ள மருந்துகள் அனைத்தும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறையேனும் கிடைத்துவிடுகின்றன.

பிற புற்றுநோய்களில்

இதே பாடம் வேறு நோய்களிலும் உறுதிப்பட்டது. கடும் மைலாய்டு ரத்தப் புற்றில் எஃப்.எல்.டி.3 மரபணுப் பிறழ்வு உள்ள 717 பேரிடம் நடந்த ரேட்டிஃபை ஆய்வில், வழக்கமான கீமோவோடு மைடோஸ்டாரின் சேர்ந்தபோது ஆயுள் 25.6 மாதங்களிலிருந்து 74.7 மாதங்களாக நீண்டது. 2017-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் 20-ஆம் எக்ஸானில் எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்ட அரிய வகைக்குப் பழைய மாத்திரைகள் பெரிதும் பலிக்காது. அவர்களுக்குக் கீமோவோடு அமிவான்டமாப் என்ற ஆன்டிபாடியைச் சேர்த்த பாப்பிலான் ஆய்வில், நோய் அடங்கியிருந்த காலம் 6.7 மாதங்களிலிருந்து 11.4 மாதங்களாக உயர்ந்தது.

பெருங்குடல் புற்றில் பி-ராஃப் மரபணுவின் வி600இ பிறழ்வு மிகக் கொடியது. அதற்கு என்கோராஃபெனிப், செடுக்சிமாப் என்ற இரண்டு இலக்கு மருந்துகளை ஃபால்ஃபாக்ஸ் என்ற கீமோச் சேர்க்கையோடு இணைத்த பிரேக்வாட்டர் ஆய்வில், கட்டி சுருங்கியவர்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாயிற்று. நோய் அடங்கியிருந்த காலம் 7.1 மாதங்களிலிருந்து 12.8 மாதங்களாக உயர்ந்தது. அதே பெருங்குடல் புற்றில் கே-ராஸ் பிறழ்வு இருந்தால் செடுக்சிமாப் பயன் தராது என்பது 2008 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பிறழ்வு மருந்துக்கு வழி திறக்கும், இன்னொன்று வழியை அடைக்கும் என்பதற்கு ஒரே உறுப்பிலேயே கிடைத்த சான்று இது.

யாருக்கு எது?

இன்று இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வுள்ள முற்றிய நுரையீரல் புற்றுக்கு மாத்திரை மட்டும், மாத்திரையும் கீமோவும் என்ற இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. கீமோ இல்லாமல் இரண்டு இலக்கு மருந்துகளைச் சேர்க்கும் மூன்றாவது வழியும் வந்திருக்கிறது. மூளைக்குப் பரவியவர்கள், கட்டியின் சுமை அதிகமானவர்கள், எல்858ஆர் வகையினர், ரத்தத்தில் புற்றின் டி.என்.ஏ. மிதப்பது தெரிந்தவர்கள் ஆகியோருக்குக் கூட்டுச் சிகிச்சையின் பக்கம் தராசு சாய்கிறது. வயது முதிர்ந்து பலவீனமானவர்களுக்கும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும், மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்களுக்கும் மாத்திரை மட்டுமே பொருந்தலாம். இந்த முடிவை நோயாளியும் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கிறார்கள்.

எந்த வழியானாலும் முதல் படி ஒன்றுதான்: பயாப்ஸியில் எடுத்த திசுவிலோ ரத்தத்திலோ மரபணுச் சோதனை. அந்த முடிவு வருவதற்கு முன்பே கீமோவைத் தொடங்கிவிடும் வழக்கமும், சோதனைக்குப் பணமில்லாமல் விட்டுவிடும் நிலையும் இன்னும் பல இடங்களில் தொடர்கின்றன. இன்டாக்ட், டிரிப்யூட் ஆய்வுகள் தோற்றது நல்ல மருந்து இல்லாததால் அல்ல. யாருக்கு என்று தெரியாததால். இன்று அது தெரியும். தெரிந்த பிறகும் சோதிக்காமல் சிகிச்சை தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் 2004-க்கு முந்தைய தோல்வி திரும்ப நடக்கிறது. மரபணுச் சோதனையை ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் கொண்டு சேர்ப்பதே இந்த வரலாற்றில் அடுத்து நிகழ வேண்டியது.